பல்லில் கூடும் கூட்டணி

காலையில் பல் துலக்கும் முன், நாக்கால் ஒருமுறை பல்லைத் தடவிப் பாருங்கள். வழவழன்னு ஏதோ ஒட்டியிருக்கும். ‘ராத்திரி சாப்பிட்டதோட மிச்சம்தானே!’ என்று விட்டுவிடாதீர்கள். அது பாக்டீரியாக்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. பல் மருத்துவர்கள் இதை ‘பிளேக்’ என்கிறார்கள்.

ஹாலந்தைச் சேர்ந்த லேவன்ஹூக், தன் பல்லில் சுரண்டிய மாவு போன்ற பொருளை நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் சிற்றுயிர்கள் நெளிவதைக் கண்டு, 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் இருப்பது இன்று தெரியவந்துள்ளது.

சரி, இவை எப்படி ஒன்று சேருகின்றன?

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் போன்றவை. அடுத்து வருபவை இவற்றின் மேல் ஒட்டுகின்றன. ஒன்றின் மேற்பரப்பில் உள்ள புரதம், இன்னொன்றின் மேலுள்ள சர்க்கரைப் பொருளோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது. தனியாக மிதக்கும் பாக்டீரியா எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது தங்கிவிடும்.

சாப்பாட்டிலும் பங்கு உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனிப்பைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே வெய்லோனெல்லாவுக்கு உணவு.

ஊசி போல நீண்ட ஃபியூசோபாக்டீரியம்தான் இங்கே பாலம். முன்னே வந்தவற்றையும் பின்னே வருபவற்றையும் அது சேர்த்துப் பிடிக்கிறது. ஈறு நோயோடு தொடர்புடைய போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் ஆக்சிஜனை விரும்பாதது. இப்படி அடர்ந்த கூட்டத்துக்குள்தான் அதற்குப் பாதுகாப்பான இடம் கிடைக்கிறது.

இந்தக் கூட்டத்தைக் கலைக்காமல் விட்டால் என்ன ஆகும்? டென்மார்க்கில் நடத்தப்பட்டு 1965-ல் வெளியான ஓர் ஆய்வில், ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் சுத்தம் செய்யத் தொடங்கியதும் அது சரியானது.

நம்மில் பலர் செய்யும் தவறு இங்கேதான். ஈறில் ரத்தம் வந்தால், ‘பிரஷ் பட்டுடுச்சு, ரெண்டு நாள் அந்தப் பக்கம் தேய்க்க வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறோம். அந்த ரெண்டு நாளில் கூட்டம் இன்னும் பெருகும். ரத்தம் வந்தாலும் மென்மையான பிரஷால் ஈறோரத்தை இதமாகத் தேய்க்க வேண்டும். காலையும் இரவும் 2 நிமிடம் போதும்.

பிளேக் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷுக்கு அசையாது. ஸ்கேலிங்தான் வழி. ‘ஸ்கேலிங் செஞ்சா பல் ஆடும்’ என்று பயப்படாதீர்கள். ஈறு நோய் முற்றிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதால்தான் பல் ஆடுகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

ஈறில் ரத்தம் வருவது நிற்கவில்லையா? அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேளுங்கள்.

கூட்டணி தினமும் கூடும். தினமும் கலைப்பது நம் கையில்தான் இருக்கிறது.