‘ஃபார்ம் 19 போடுங்க’: அரைகுறையா எழுதின ஒரு வரி, கரைஞ்சு போன பிஎஃப்

வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போன விஷயத்தை இங்க கொஞ்சம் விரிவா பார்ப்போம்.

விழுப்புரம் மாவட்டத்துல இருக்கு கெடார். அந்தப் பக்கத்துல இருந்து சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் வேலைக்குப் போற பசங்க சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். சம்பளம், வரி, பிஎஃப் பத்திப் பேசுறதுதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால, பதில்களை ஒரு கூகுள் டாக்ல தொகுத்தோம். அதுல நான் எழுதின வரி இது: “வேலையை விட்டா ஃபார்ம் 19 போடுங்க, பிஎஃப் வந்துடும்.”

2023-ல ஒரு தம்பி மூணு வருஷம் பார்த்த வேலையை விட்டுட்டு, மூணு மாசம் வேலை தேடிட்டு இருந்தான். அந்த வரியைப் படிச்சான், ஃபார்ம் 19 போட்டான். 1,20,000 ரூபாயில 10% டிடிஎஸ் பிடிச்சுட்டு மீதி வந்துச்சு. அடுத்த வாரமே வேற வேலை கிடைச்சுது.

டிடிஎஸ்ஸை ரிட்டர்ன்ல கணக்கு காட்டிக்கலாம். போனது வேற. அந்த 1,20,000 ரூபாய் 8.25% வட்டியில 30 வருஷம் அப்படியே இருந்திருந்தா சுமார் 13 லட்சம் ஆகியிருக்கும். அஞ்சு வருஷ சர்வீஸ் கணக்கும் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பம். எடுத்த பணத்தை மறுபடி உள்ள போடவும் வழியில்லை. “அண்ணே, நீங்கதானே எழுதியிருந்தீங்க?”ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்லை.

நான் எழுதினது பொய் இல்லை. பணத்தை வெளிய எடுக்கிறதுக்கு ஃபார்ம் 19 சரிதான். ஆனா யாருக்கு, எப்போ, எடுத்தா என்ன ஆகும்னு எதுவுமே அதுல இல்லை.

அப்புறம்தான் தமிழ் விக்கிப்பீடியாவோட உதவிப் பக்கங்களைப் பார்த்தேன். 2003-ல இருந்து ஆர்வலர்கள் சம்பளம் வாங்காம நடத்துறது அது. எப்படி எழுதணும்னு நடைக் கையேடே வச்சிருக்காங்க. அதைப் பார்த்து எங்க டாக்குக்கு ஆறு விதி போட்டோம். ஆபீஸ் நண்பர்களோட குறிப்பு எழுதினாலும், வீட்டுக்கு எழுதி வச்சாலும் உங்களுக்கும் இது உதவும்.

1. தலைப்பு, கேட்கிறவர் வாயில வர்ற கேள்வியா இருக்கணும்

“இபிஎஃப் விதிமுறைகள்”னு வச்சா யாரும் தேட மாட்டாங்க. “வேலை மாறிட்டேன், பழைய பிஎஃப் பணத்தை என்ன பண்றது?”ன்னு வைங்க. பிரிவு எண்ணை மட்டும் நம்பித் தலைப்பு வைக்காதீங்க. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வர்றதால, நமக்குப் பழகின ‘80சி’ மாதிரி எண்களே மாறுது.

2. முதல் ரெண்டு வரியில பதில், அதோட ‘யாருக்கு’

முன்கதை வேண்டாம். அவசரத்துல படிக்கிறவர் ரெண்டு வரிக்கு மேல போக மாட்டார். அந்தப் பதில் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுன்னு அங்கேயே சொல்லிடுங்க.

3. திரையில இருக்கிற பேரையே எழுதுங்க

“டிரான்ஸ்ஃபர் பட்டனை அழுத்துங்க”ன்னா புதுசா வர்றவருக்குப் புரியாது. ஆன்லைன் சர்வீசஸ் மெனுவுல ‘ஒன் மெம்பர் - ஒன் இபிஎஃப் அக்கவுண்ட்’னு இருக்கும். அதை அப்படியே எழுதுங்க. ஒரு படிக்கு ஒரு செயல் போதும்.

4. தேதியும் ஆதாரமும் இல்லாம எண் எழுதாதீங்க

“7 லட்சம் வரை வரி இல்லை”ங்கிறது புது வரி முறையில 2023-24, 2024-25 நிதியாண்டுகளுக்குச் சரி. 2025-26-ல அது 12 லட்சம். வருஷம் போடலைன்னா சரியான வரியும் தப்பாயிடும். நம்ம மாவட்டத்தையே பாருங்க. கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்துல இருக்குன்னு எழுதின பழைய குறிப்பு, 2019-ல மாவட்டம் பிரிஞ்சதுமே தப்பாயிடுச்சு. எண்ணுக்குப் பக்கத்துல “இந்தத் தேதியில, இந்த அரசுத் தளத்துல பார்த்தது”ன்னு சேருங்க. “ஃபிரெண்டு சொன்னான்” ஆதாரம் ஆகாது.

5. விதி வேற, கருத்து வேற

விக்கிப்பீடியாவுல இதை ‘நடுநிலை நோக்கு’ன்னு சொல்றாங்க. “அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்தா வரி வரலாம்”கிறது விதி. “பிஎஃப் பணத்தை எடுத்து ஃபண்டுல போடு”ங்கிறது உங்க கருத்து. உதவிக் குறிப்புல கருத்துக்கு இடமில்லை.

6. புது ஆளை வச்சு சோதிங்க, மாத்தினதை மறைக்காதீங்க

விக்கிப்பீடியாவுல எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ இருக்கு. ஒவ்வொரு மாற்றமும் ‘வரலாறு’ பக்கத்துல நிக்கும். நீங்களும் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர்கிட்ட குறிப்பைக் கொடுத்து, பக்கத்துல பேசாம உட்காருங்க. அவர் எங்க முழிக்கிறாரோ அங்க திருத்துங்க. தப்பை அழிச்சுட்டு நல்ல பிள்ளையா இருக்காம, என்ன மாத்தினீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பழசைப் படிச்சவருக்கு அது தெரியணும்.

இப்போ எங்க டாக்ல அந்த இடம் இப்படி இருக்கு:

வேலையை விட்டுட்டேன், பிஎஃப் பணத்தை என்ன பண்றது?
திரும்ப வேலைக்குப் போற எண்ணம் இருந்தா எடுக்காதீங்க. புது கம்பெனியில பழைய யுஏஎன் எண்ணையே கொடுத்துட்டு, ஃபார்ம் 13 மூலமா மாத்துங்க. ஃபார்ம் 19 பணத்தை மொத்தமா எடுக்கிறதுக்கு. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம 50,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல எடுத்தா, பான் இணைச்சிருந்தாலும் 10% டிடிஎஸ் பிடிப்பாங்க. பழைய கம்பெனி கணக்கை மாத்தியிருந்தா அந்த சர்வீஸும் சேரும்.
திருத்தம்: முன்னாடி “ஃபார்ம் 19 போடுங்க”ன்னு மட்டும் இருந்தது. அது முழுமை இல்லை.

கடைசி ரெண்டு வரியை எழுதத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. எழுதி முடிச்சதும் முதல்ல அந்தத் தம்பிக்குத்தான் அனுப்பினேன்.

இந்த வார வீட்டுப்பாடம்: நீங்க யாருக்காவது எழுதிக் கொடுத்த ஒரு பண விஷயக் குறிப்பை எடுங்க. யாருக்கு, எந்தத் தேதியில, எங்க பார்த்ததுன்னு மூணையும் சேர்த்து மறுபடி அனுப்புங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!