பின் சீட்டைப் பார்த்துவிட்டு பானட்டைத் திற!

கார் ஓட்டுகிற ஆசை குழந்தை பிறந்ததும் தானாகப் போய்விடும் என்று சொல்கிறவர்கள் யாரும் ஆசையாகக் கார் ஓட்டியவர்கள் இல்லை, தம்பி. “குடும்பஸ்தன் ஆயிட்டே, பேசாம ஒரு ஏழு சீட்டர் டீசல் எடுத்துப் போடு” என்று அப்பா சொல்வார், உன் மாமனாரும் சொல்வார். தலையாட்டிவிட்டு வந்துவிடு. டர்போ பெட்ரோல் இன்ஜின், வளைவில் நம்பி இறங்கக்கூடிய சஸ்பென்ஷன், பின்னால் ரெண்டு சைல்டு சீட். இந்த மூன்றும் ஒரே காரில் கிடைக்கும். செகண்ட் ஹாண்டில் போனால் கட்டுப்படியாகிற விலையிலேயே கிடைக்கும்.

ஆனால் நீ தேடுகிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் பிஎச்பி, அப்புறம் சைலன்ஸர் சத்தம், அப்புறம் கலர், பின் சீட் கடைசியில். நான் பின் சீட்டில்தான் ஆரம்பிப்பேன்.

காரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கிற சைல்டு சீட்டைக் கையோடு எடுத்துப் போ. புரோக்கர் சிரிப்பார். சிரிக்கட்டும். சின்னவளை 15 மாதம் வரைக்குமாவது பின்பக்கம் பார்த்த மாதிரிதான் உட்காரவைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஆர்129 விதி. அப்படிப் பின்னோக்கி மாட்டுகிற சீட் நீளவாக்கில் நிறைய இடத்தைத் தின்னும். அதை மாட்டிவிட்டு முன் சீட்டை உன் பெண்டாட்டி வழக்கமாக உட்கார்கிற அளவுக்குப் பின்னால் தள்ளிப் பார். அவள் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தால் அந்தக் கார் உனக்கில்லை, எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சரி. “அப்போ பாப்பா சீட்டை முன்னாடி மாட்டிக்கலாம்” என்று மட்டும் யோசிக்காதே. பின்னோக்கிய சீட்டுக்கு நேர் எதிரே ஏர்பேக் வெடித்தால் அது குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் வந்து அடிக்கும்.

அடுத்து, உட்காரும் மெத்தைக்கும் முதுகு சாயும் பகுதிக்கும் நடுவே ரெண்டு விரலை விட்டுத் தடவிப் பார். ஒவ்வொரு ஓரச் சீட்டிலும் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்பட வேண்டும். அதுதான் ஐசோஃபிக்ஸ். சைல்டு சீட்டின் மேல் வாரை மாட்டுகிற கொக்கி, அதாவது டாப் டெதர், சீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிறதா என்றும் பார். பழைய மாடல்களில் இதெல்லாம் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். அதனால் பிரோஷரை நம்பாதே, விரலை நம்பு. நம்மூர்க் கார்களில் இன்னொரு வேடிக்கை, சீட் கவர். கடையில் தைத்துப் போட்ட கவர் இந்த வளையங்களை மூடியிருக்கும். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற கார் என்றால் அது வெடித்து வெளியே வர வேண்டிய தையலையும் அந்தக் கவர் அடைத்திருக்கும். காரை வாங்கினால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறி.

சரி, ரெண்டு சீட்டையும் மாட்டியாயிற்று. பாட்டி எங்கே உட்காருவார்? சிரிக்காதே, பழனிக்குப் போகும்போது தெரியும். ஐசோஃபிக்ஸ் ரெண்டு ஓரத்திலும்தான் இருக்கும். மிச்சமிருக்கும் நடு இடத்தில் தரை மேடாக வேறு இருக்கும். பெரியவனுக்குப் பூஸ்டர் போதும் என்கிற வயது என்றால் அகலம் குறைவான பூஸ்டராக வாங்கு, நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சும். சட்டமும் தெரிந்து வைத்துக்கொள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். “மடியில வச்சுக்கிறேன்” என்று பாட்டி சொல்வது பாசம்தான், ஆனால் பிரேக் அடித்தால் எந்தப் பாட்டியாலும் பிடிக்க முடியாது.

இப்போது கார்களுக்கு வருவோம். போலோ ஜிடி டிஎஸ்ஐ உன் மனசில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2013-இல் வந்தது, 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். இன்றைக்கும் ஓட்டிப் பார்த்தால் சிரிப்பு வரவைக்கிற வண்டிதான். ஆனால் அதன் பின் சீட் கல்லூரிப் பையன்களுக்கானது. ஒரு குழந்தை, அதுவும் வளர்ந்த குழந்தை என்றால் யோசிக்கலாம். ரெண்டு என்றால் மறந்துவிடு. ஹூண்டாய் ஐ20 என் லைன் இதைவிடத் தேவலாம். 120 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், டிக்கி 311 லிட்டர். சஸ்பென்ஷன் சாதா ஐ20-ஐவிடக் கொஞ்சம் கடினம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் உனக்கான கார் 2022 அல்லது 2023 மாடல் ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ. இல்லையென்றால் அதன் சகோதரன் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி. 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க், 521 லிட்டர் டிக்கி. மடக்கிய பிராம், ரெண்டு சூட்கேஸ், ஊரிலிருந்து வருகிற தேங்காய் மூட்டை எல்லாம் உள்ளே போகும். 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த ரெண்டும் பெரியவர்களுக்கு 5 ஸ்டார், குழந்தைகளுக்கும் 5 ஸ்டார் வாங்கின. கடைசிச் சொல்லைக் கவனி. பெரியவர்களுக்கு நிறைய ஸ்டார் வாங்கிவிட்டு குழந்தைகள் கணக்கில் கோட்டை விட்ட கார்கள் நம்மூரில் இருக்கின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் கணக்குதான்.

இன்னும் கொஞ்சம் பழைய கார் பரவாயில்லை என்றால் மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா இருக்கிறது. பார்க்க செடான் மாதிரி இருந்தாலும் பின் கண்ணாடியோடு சேர்த்து மொத்தக் கதவும் மேலே தூக்கும். 590 லிட்டர். குழந்தைச் சாமானை இதைவிடச் சுலபமாக ஏற்றக்கூடிய வேகமான கார் அந்த விலையில் எனக்குத் தெரிந்து இல்லை. 1.8 டிஎஸ்ஐ 180 குதிரைத்திறன். 2017-இல் வந்த ஆர்எஸ் 230. ஆர்எஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் அதன் உதிரிபாக பில்லைத் தாங்குகிற பர்ஸ் வேண்டும். ஃபோர்டு ஈகோஸ்போர்ட் எஸ் என்று ஒன்று உண்டு, மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்தது, 1 லிட்டரில் 125 குதிரைத்திறன். அதன் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. எந்த ஆயில், எப்போது மாற்றினார்கள் என்று ஒழுங்கான ரசீது இல்லாவிட்டால் கிட்டே போகாதே.

கியர்பாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் உட்கார்ந்து கேள், உன் பணம் போகிற இடம் இதுதான். ஸ்லாவியா 1.5-லும் ஆக்டேவியா 1.8-லும் இருக்கிற 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், டிரை கிளட்ச் வகை. ஆயிலில் மூழ்காத கிளட்ச் என்பதால், வேளச்சேரி டிராஃபிக்கில் நத்தை மாதிரி ஊரும்போது பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடாகும். டெஸ்ட் டிரைவ் போனால் ஹைவேயில் மிதித்துப் பார்த்து மயங்காதே. கூட்டமான தெருவில் பத்து நிமிஷம் ஊர்ந்து பார். பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடு. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உடம்பு குலுங்கினால் அந்த விலையில் அந்தக் கார் வேண்டாம். ஆர்எஸ் 230-இன் 6 கியர் பெட்டி ஆயிலில் நனைந்த வகை, பயம் குறைவு. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றியிருக்க வேண்டும், பில்லைக் கேள். மேனுவல் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. விர்ட்டஸ் 1.5-இல் மேனுவல் 2023-இல்தான் வந்தது, ஸ்லாவியாவில் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

“ஸ்டேஜ் ஒன் போட்டிருந்தேன், ஸ்டாக்குக்கு மாத்தித் தர்றேன்” என்று ஓனர் பெருமையாகச் சொல்வார். அந்த டிரை கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த அளவில்தான் இருக்கிறது. ஸ்டேஜ் ஒன் என்று இன்ஜின் சாஃப்ட்வேரை ரீமேப் செய்தவர் அந்த எல்லையைத் தாண்டித்தான் ஓட்டியிருக்கிறார். சாஃப்ட்வேரை மாற்றி எழுதலாம், தேய்ந்த கிளட்ச்சைத் திரும்பப் போட முடியாது. மேலும் இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் உன் தலையில் விழும்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ட்ராக் டே ஓடிய கார் என்றால் உடனே ஓடிவர வேண்டாம். ஆயிலையும் பிரேக்கையும் பார்த்துப் பார்த்து மாற்றுகிறவர்கள் அவர்கள்தான். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, டயரின் தோள்பட்டை மட்டும் கரைந்திருக்கிறதா என்று பார்த்து விலையில் குறைத்துக்கொள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நாலு டயரிலும் நாலு விதமான தேதி, நாலு பிராண்டு என்றால் ஓனர் கை இறுக்கம் என்று அர்த்தம். அவர் வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்தாரோ!

நான் பயப்படுவது தண்ணீருக்குத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எங்கும் காணாமல் போய்விடவில்லை. கழுவிக் காயவைத்து வேறு ஊர்ச் சந்தைக்குப் போயிருக்கும். பின் சீட் பெல்ட்டை அது முடிகிற வரைக்கும் இழு. கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் கதை முடிந்தது. சீட் தண்டவாளத்து போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், அளவுக்கு மீறிய ஏர் ஃபிரஷ்னர் வாசனை, எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த இந்த மாதிரிக் காரில் தண்ணீர் புகுந்தால் ஒவ்வொரு சென்சாராக ரெண்டு வருஷம் உயிரை வாங்கும்.

பேரம் படிந்ததும் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று போ. லோ புரொஃபைல் டயரும் கெட்டி ஸ்பிரிங்கும் உன் முதுகுக்கு ஜாலி. பின் சீட்டில் இருப்பவனுக்கு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்பதை ஆழியாறு தாண்டும் முன்னே கண்டுபிடித்துவிடலாம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரே சீராக எடுத்துப் போனால் வாந்தியும் வராது, நீயும் நன்றாக ஓட்டின மாதிரி இருக்கும். பின்பக்க ஏ.சி. காற்று குழந்தை சீட் வரை வருகிறதா என்று மத்தியான வெயிலில் பார், சாயங்காலத்தில் எல்லாக் காரும் குளிரும்.

கையிருப்பு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதே. பத்தில் ஒரு பங்கையாவது தனியாக வை. முதல் ஆறு மாதத்தில் டயர், பிரேக் பேட், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ் என்று அது போய்விடும். டோக்கன் அட்வான்ஸ் தருவதற்கு முன்னால் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் காட்டு. ஆர்.சி.-யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கிய பிறகே மீதிப் பணம். கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உன் பேருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு. ரெண்டாவது சாவியைக் கேட்டு வாங்கு. பழைய ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டு. இந்தக் காலத்துக் கார்களில் மொபைல் ஆப் இணைப்பு இருக்கும். பழைய ஓனர் தன் கணக்கிலிருந்து காரை நீக்குவதை உன் கண் எதிரிலேயே செய்யச் சொல். இல்லாவிட்டால் உன் பிள்ளைகளின் ஸ்கூல் வாசலில் கார் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதை அவர் தன் போனில் பார்த்துக்கொண்டிருப்பார்.