சரக்கும் கடையும்



ஒரு பொருளைச் செய்வதுதான் கடினம். செய்துவிட்டால் விற்பது எளிது என்று எண்ணியிருந்தவன் நான். அந்த எண்ணம் தவறு என்பதைச் சென்ற கோடை விடுமுறையில், எலெக்ட்ரானிக் சிட்டியின் தெருக்களில் கால் தேய நடந்து கற்றுக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் கண்ட கறிச் சுரைக்காயைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். நாளை நம்மில் சிலர் சிறுதொழில் தொடங்கக்கூடும். அவர்களுக்கு இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

என் சித்தியின் குடும்பம் தொட்டதோகூரில் வாடகை வீட்டில் வாழ்கிறது. சித்தப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. அவருக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் இருவருக்கும் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும். சித்தியின் கைக்கு நன்கு தெரிந்தது இட்லிப் பொடி. "இதையே செய்து விற்போம். நீதான் படித்த பிள்ளையாயிற்றே, கடைகளில் பேசிப் போட்டுக் கொடு" என்றார் சித்தி. நானும் மார்தட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

இடம் நல்ல இடந்தான். 1978-இல் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் ஊர்களில் 332 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய தொழில் நகரம் இது. இன்றோ, வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் தெருவெங்கும் நிறைந்திருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டில் சலிப்புற்ற தமிழருக்கும் ஆந்திரருக்கும் ஒரு கரண்டிப் பொடி அமிழ்தம் அல்லவா? வாங்குவோர் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்கும் சித்திக்கும் நடுவில் நிற்பவர் கடைக்காரர். அவரை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் நாள் மாலை ஏழு மணிக்குப் பையுடன் கிளம்பினேன். பதினொரு கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. ஒரு கடையில், "கூட்ட நேரத்தில் வந்து நிற்கிறாயே" என்று கடிந்துகொண்டார்கள். இன்னொரு கடையில் கால்மணி நேரம் பொடியின் பெருமையைப் பேசியபின்தான், நான் பேசியது முதலாளியிடம் அன்று, வேலைக்கு நிற்கும் பையனிடம் என்று தெரிந்தது. மற்றொருவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, "தேதி எங்கே? பதிவு எண் எங்கே? அதிகாரி வந்தால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். தலைகுனிந்து வீடு திரும்பினேன்.

அன்றிரவு அமர்ந்து சிந்தித்தேன். கடைக்காரருக்கு நம் பொடி சுவையானதா என்பது இரண்டாவது கேள்வி. அவருடைய முதல் கேள்வி வேறு: இந்தத் தட்டில் இப்போது இருக்கும் சரக்கை எடுத்துவிட்டு உன்னுடையதை வைத்தால் எனக்கு என்ன கிடைக்கும்? விற்காமற் போனால் நட்டம் யாருக்கு? அடுத்த வாரமும் நீ வருவாயா? இந்த மூன்றுக்கும் விடை கொண்டு போகாதவன் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

முதலில் பொட்டலத்தைச் சீர்செய்தோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி வீட்டில் செய்து விற்பவரும் பதிவு பெறவேண்டும். அந்தப் பதினான்கு இலக்க எண்ணையும், சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, கெடு தேதி, அதிகபட்ச விலை, முகவரி ஆகியவற்றையும், சைவப் பொருளுக்குரிய பச்சைக் குறியையும் அச்சிட்டு ஒட்டினோம். பொட்டலத்தைக் கையில் வாங்கியவர் கேள்வி கேட்பது அன்றோடு நின்றது.

அடுத்தது கணக்கு. நூறு கிராம் பொட்டலத்தின் அடக்கவிலை, பருப்பு முதல் போக்குவரத்து வரை 28 ரூபாய் ஆயிற்று. மேலே அச்சிட்ட விலை 50 ரூபாய். கடைக்கு 40 ரூபாய். கடைக்காரருக்குப் பத்து ரூபாய், நமக்குப் பன்னிரண்டு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடைக்காரரின் பத்து ரூபாய், அவர் போட்ட நாற்பதுக்கு நூற்றுக்கு 25; விற்ற ஐம்பதுக்கு நூற்றுக்கு 20. பேசும்போது எந்த விழுக்காட்டைச் சொல்கிறோம் என்பதில் இருவரும் தெளிவாக இருக்கவேண்டும். இன்றேல் பின்னால் மனக்கசப்பு வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துப் பொட்டலமும் விற்றால் நமக்கு 120 ரூபாய் மிச்சம். இரண்டு கெட்டுத் திரும்பினால் வரவு 320, செலவு 280, மிச்சம் நாற்பதே. இரண்டு பொட்டலம் திரும்பியதில் ஆதாயத்தில் மூன்றில் இரு பங்கு போய்விட்டது! ஆகவே, நிறைய வைப்பது வெற்றியன்று. வைத்தது விற்பதே வெற்றி.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் பலர். 1959 மார்ச் 15 அன்று பம்பாயில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் அவர்கள் செய்தது நான்கே பொட்டலம். அதைப் புலேஷ்வரில் தெரிந்த வணிகர் ஒருவரிடம் விற்றார்கள். அதுவே பின்னாளில் லிஜ்ஜத் அப்பளம் ஆயிற்று. தெரிந்த ஒரு கடையிலிருந்து தொடங்கு என்பது அது தரும் பாடம்.

கடலூரில் 1983-இல் சி. கே. ரங்கநாதன் பதினைந்தாயிரம் ரூபாயில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பூ உறையானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்தார். பின்னர்ச் சிக் உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார். வாங்குவோரே கடைக்கு வந்து பெயர் சொல்லிக் கேட்கும்போது, கடைக்காரர் மறுப்பது எப்படி?

நம் பெங்களூரிலேயே 2005-இல் பி. சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் ஐடி என்னும் பெயரில் இட்லி மாவு விற்கத் தொடங்கினார்கள். நகரம் முழுவதையும் பிடிக்கப் பாயவில்லை. ஏறத்தாழ இருபது கடைகளோடு தொடங்கினார்கள். நாளொன்றுக்கு நூறு பொட்டலம் என்னும் அளவை எட்டவே மாதக்கணக்கில் ஆயிற்று. பொறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவற்றை மனத்திற்கொண்டு மறுபடி புறப்பட்டேன். நீலாத்ரி சாலையிலும் தொட்டதோகூரிலும் நடந்து, 23 கடைகளின் பட்டியல் எழுதினேன்: முதலாளி யார், எப்போது ஓய்வாக இருப்பார், விடுதிகள் எவ்வளவு தொலைவு, இப்போது என்ன பொடி வைத்திருக்கிறார். காலை பதினொரு மணிக்குப் போனேன். தெரிந்த அளவு கன்னடத்தில் வணக்கம் சொன்னேன். பலர் சிரித்துக்கொண்டே தமிழில் பதில் சொன்னார்கள். பேச்சைக் குறைத்து, நல்லெண்ணெயில் குழைத்த பொடியோடு ஓர் இட்லித் துண்டை நீட்டினேன். "ஐந்து பொட்டலம் மட்டும் வையுங்கள். விற்றபின் காசு கொடுங்கள். விற்காததை அடுத்த சனிக்கிழமை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். அவருடைய மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது.

இழப்பும் இல்லாமல் இல்லை. ஒருவர் முதல் வாரமே இருபது பொட்டலம் கேட்டார். மகிழ்ந்து கொடுத்தேன், பணம் இன்றுவரை வரவில்லை. எண்ணூறு ரூபாய் போயிற்று. சித்தி என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. அதன்பின், பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு இல்லை என்று விதி வகுத்தோம். இன்னொரு கடையில் வெயில்படும் இடத்தில் வைத்த பொடி எண்ணெய் நாற்றம் அடித்தது. வாதாடாமல் மாற்றிக் கொடுத்து, உள்தட்டில் வைக்கும்படி வேண்டினேன். அந்தக் கடைக்காரர்தான் பிறகு தம் மைத்துனர் கடைக்கும் எங்களைச் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழிந்தபோது 23 கடைகளில் ஒன்பது எங்களுக்கு வாடிக்கையாயின. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தில் பாதியைப் பொடியே கட்டியது. மீதிக்குச் சித்தியின் வளையல் அடகுக்குப் போயிற்று. அதை மீட்பதே இப்போது எங்கள் இலக்கு. சனிக்கிழமைச் சுற்றைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். வேலை போனபின் வீட்டைவிட்டு வெளியே வரக் கூசிய அவரை, இன்று ஒன்பது கடைக்காரர்கள் பெயர் சொல்லி வரவேற்கிறார்கள். எனக்கு அந்த வரவேற்பே பெரிய ஆதாயமாகத் தோன்றுகிறது.

தோழர்களே! கடைக்காரர் நம் பகைவர் அல்லர். நம் முதல் வாடிக்கையாளர். அவர் இடத்தில் நின்று நம் சரக்கைப் பார்க்கப் பழகுங்கள். சிறிதாக வையுங்கள், சொன்ன நாளில் செல்லுங்கள், கணக்கை எழுதி வையுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கடைத்தட்டில் ஐந்து பொட்டலத்துக்கு இடம் கிடைக்காமலா போகும்?