ஆப்ஸ்டினன்ஸ்: ஒரு சொல்லும் அதன் பொருளும்

தவக்காலம் தொடங்கியதும் ஆங்கில ஞாயிறு அறிவிப்புகளில் நாம் கேட்கும் சொல் "ஆப்ஸ்டினன்ஸ்". நாளேடுகளிலும் இதன் இனச்சொற்களைக் காண்கிறோம். இச்சொல்லைச் சற்று ஆராய்வோம்.

இதன் தாய்மொழி இலத்தீன். "ஆப்ஸ்" என்றால் அப்பால். "தெனேரே" என்றால் பிடித்தல். ஆகவே, தன்னைத்தானே பிடித்து அப்பால் நிறுத்திக்கொள்ளுதல் என்பதே மூலப்பொருள். பிறர் நம்மை நிறுத்தினால் அது தடை. நாமே நம்மை நிறுத்திக்கொண்டால்தான் ஆப்ஸ்டினன்ஸ்.

இதன் வினைச்சொல் "ஆப்ஸ்டெயின்". இதையடுத்து "ஃப்ரம்" வரவேண்டும். "ஷீ ஆப்ஸ்டெயின்ஸ் ஃப்ரம் மீட்" என்பது சரி. "ஃப்ரம்" இன்றி எழுதுவது பிழை.

வாக்கெடுப்பில் வழங்கும் பெயர்ச்சொல் "ஆப்ஸ்டென்ஷன்". 2022 மார்ச் 2ஆம் நாள் உக்ரைன் பற்றி ஐ.நா. பொதுச் சபையில் நடந்த வாக்கெடுப்பில் 141 நாடுகள் ஆதரித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் விலகி நின்றன. வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாத 12 நாடுகள் இந்த 35இல் சேரா. விலகி நிற்பதற்கும் முதலில் அவையில் இருக்க வேண்டும் அல்லவா?

இனி திருச்சபை வழக்கைப் பார்ப்போம். "ஃபாஸ்டிங்" என்பது ஒருசந்தி; அது உணவின் அளவைக் குறைப்பது. "ஆப்ஸ்டினன்ஸ்" என்பது சுத்தபோசனம். அது இறைச்சியை விலக்குவது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் உரிய நாட்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களை 59 வயது நிறையும்வரை கட்டுப்படுத்தும். சுத்தபோசனமோ 14 வயது நிறைந்ததுமே தொடங்குகிறது. அதாவது, நம்மில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் பலருக்கும் இது உரியது. அதுவரை அம்மா சமைக்கவில்லை, நாம் உண்ணவில்லை. இனி அது நம் சொந்தச் செயலாக வேண்டும்.

இறைச்சியை விலக்கிவிட்டு விலையுயர்ந்த மீனால் விருந்து வைத்தால் சட்டத்தின் எழுத்து தப்பும். சொல்லின் பொருள் தப்பாது. இறைச்சி வாங்க வழியில்லாத வீட்டில் அது இல்லாதிருப்பது வறுமை. அதற்கு இப்பெயர் பொருந்தாது. அந்த வீட்டை நினைக்கச் செய்வதே நம் சுத்தபோசனத்தின் பயன். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட "எர்மாவின் மேய்ப்பர்" என்னும் நூல், நோன்பு நாளில் உண்ணாத உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்குமாறு கற்பிக்கிறது.

ஆங்கிலத்தில் "டோட்டல் ஆப்ஸ்டினன்ஸ்" என்றால் மதுவை அறவே விலக்குதல். அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட் சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884இல், தம் 28ஆம் வயதில், மது தொடுவதில்லை என வாக்களித்தார். முதலில் மூன்று மாதங்களுக்குத்தான்! பின்னர் அதை நீட்டித்து, இறுதியில் வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கினார். 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் இறந்தார். 1975இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அவர் வாழ்ந்த நாளெல்லாம் டப்ளினில் மதுக்கடைகள் திறந்தே இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

அன்புச் சகோதரிகளே, நாமும் சிறிதாகத் தொடங்குவோம். ஒரு வெள்ளிக்கிழமை ஓர் இனிப்பு, ஒரு மாலை ஒரு புறணிப் பேச்சு, ஓர் இரவு கைப்பேசி. கைக்கு எட்டுவதை நாமே மனமுவந்து விலக்கி, மிச்சமான காசையும் நேரத்தையும் இல்லாத ஒருவருக்கு அளித்தால், இச்சொல்லின் பொருளை நாம் முழுவதும் கற்றவர்களாவோம்.