சமைத்த இறைச்சிக்கும் காவல் வேண்டும்

அல்லைப்பிட்டி மக்கள் 1990 இலும் 2006 இலும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர்கள். ஒரே கிடாரத்தில் சமைத்துப் பல குடும்பங்கள் பகிர்ந்துண்ணும் நிலையை இடம்பெயர்ந்த நாம் நன்கறிவோம். கோயில் திருநாளிலும் இப்படியே சமைக்கிறோம். இறைச்சி றோல்ஸ், கட்லட் செய்து விற்பவர்களும் நம்மிடையே உண்டு. வாங்குபவர் இவற்றை மறுபடி அடுப்பில் வைப்பதில்லை. எனவே கிருமியைத் தடுக்கும் பொறுப்பு சமைப்பவருடையதே.

"கொதித்த கறியில் கிருமி ஏது?" எனச் சிலர் கேட்கலாம். மூன்று வழிகளில் அது வருகிறது.

முதலாவது, சில பற்றீரியாக்களின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. பெரிய கிடாரம் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். ஏற்ற சூட்டில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியானால் ஒன்று ஒரு மணித்தியாலத்தில் 64 ஆகிறது.

இரண்டாவது, கைப்புண்ணிலும் மூக்கிலும் உள்ள கிருமி சமைத்த உணவில் சேர்ந்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. உப்பையும் இக்கிருமி ஓரளவு தாங்கும்.

மூன்றாவது, லிஸ்டீரியா என்னும் பற்றீரியா குளிர்சாதனப் பெட்டியிலும் வளரும். தென்னாபிரிக்காவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் சோசேஜ் போன்ற ஓர் இறைச்சி உணவு மூலம் இது பரவி 1,060 பேர் நோயுற்றனர். 200 பேருக்கு மேல் இறந்தனர். கர்ப்பிணிகளுக்கும் சிசுக்களுக்கும் இது மிகக் கொடியது.

நாம் செய்யவேண்டியவை:

1. பச்சை இறைச்சிக்கு வேறு கத்தி, வேறு பலகை வைத்திருங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கையில் புண் உள்ளவர் உணவைத் தொடவேண்டாம்.

2. இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, உள்ளே 75 பாகை செல்சியசு சூடேறும்வரை வேகவிடுங்கள்.

3. இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறுங்கள். பிந்துமானால் 60 பாகைக்குக் குறையாமல் சூடாக வையுங்கள்.

4. மிஞ்சியதைக் கிடாரத்தில் விடாமல், அகன்ற தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி விரைவில் ஆறவிட்டு, 5 பாகைக்குக் கீழ் குளிரில் வையுங்கள். குளிரில் வைக்க வசதியில்லையேல் அளவாகச் சமையுங்கள்.

5. யாழ்ப்பாணத்தில் சோசேஜ் வாங்கினால் கடைசியாக வாங்கி, ஐஸுடன் சுற்றிப் பண்ணைப் பாலம் கடந்து கொண்டுவாருங்கள். ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ணுங்கள்.

இறைச்சி விலை கூடியது. எறிய மனம் வராது. ஆனால் கெட்ட உணவு மணத்தால் எப்போதும் தெரிவதில்லை. இரவு முழுதும் வெளியே இருந்த கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். வயிற்றோட்டத்துடன் இரத்தமோ கடும் காய்ச்சலோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பலர் ஒன்றாக நோயுற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

குழுவில் கலந்துரையாட:

அடுத்த திருநாளில் இறைச்சியை எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்குவோம்? கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு? இடைப்பட்ட நேரத்தில் சூட்டைக் காப்பவர் யார்?