புதுமண வாழ்வின் மகிழ்ச்சி: குறுந்தொகைப் பாடம்

அகப்பொருட் செய்யுள் வகுப்பிற்கு ஏலாதென்று கருதி, அதனை விரைந்து கடந்து செல்லும் வழக்கம் நம் ஆசிரியர் சிலரிடத்து உண்டு. அது பொருந்தாது. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) திருக்கோவையாரை அச்சிட்டார், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவர்கள் அஞ்சாது அச்சேற்றியதை நாம் கற்பிக்க அஞ்சுதல் என்னை? புதுமணம் புரிந்தார்தம் மகிழ்ச்சியைக் கற்பிக்கும் முறையினை ஒரு செய்யுள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

குறுந்தொகை 167 ஆம் செய்யுள் கூடலூர்கிழார் இயற்றியது, ஆறடியே உடையது. மணமகளின் இல்லஞ் சென்று மீண்ட செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்கு உரைக்கின்றாள். தலைவி கட்டித்தயிரை விரலாற் பிசைந்தாள். அவ்விரலைத் துடைத்த ஆடையைத் துவையாமலே உடுத்திருந்தாள். குய்ப்புகை மையுண்ட கண்ணிற் படிந்தது. குய் என்பது நம் அடுக்களைத் தாளிதமே. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டான். அவள் முகம் நுண்ணிதாக மலர்ந்தது. செய்தி இவ்வளவே.

இதனைக் கற்பிக்குங்கால் மூன்று வினாக்களை எழுப்புக.

முதலாவது, கூறுவார் யார்? மிஷன் பாடசாலையிற் பயின்ற யாம் ஆங்கிலப் புலவர் எட்மண்ட் ஸ்பென்சரின் மணப்பாட்டையும் படித்திருக்கின்றோம். 1595 இல் அச்சான அந்நெடும்பாட்டில் மணமகனாகிய புலவர் தாமே தங்களிப்பை விரித்துப் பாடுகின்றார். நம் செய்யுளிலோ மணமக்கள் இருவரும் நம்மொடு பேசுகின்றிலர், வளர்த்தவள் பேசுகின்றாள். அருமையாய் வளர்ந்த மகள் தனியில்லம் நடத்துவாளோ என்னுந் தாயின் கவலைக்கு இதுவே விடை. ஆதலின் மகிழ்ச்சி இருவரோடு நில்லாது தாயரிடத்துஞ் செல்கின்றது.

இரண்டாவது, ஆடையைத் துவையாதது ஏன்? தூய்மை கற்ற பிள்ளைகள் இதனை நகைத்தல் கூடும். அந்நகையைக் கடியற்க. ஆடை மாற்றச் சென்றால் அடுப்பிலுள்ளதன் பக்குவங் கெடும். கணவற்கு இடும் உணவின்பொருட்டுத் தன் கோலத்தை மறந்தாளென விளக்குக.

மூன்றாவது, மகிழ்ச்சி நுண்ணிதானது ஏன்? கணவன் வாயிற் பிறந்தது ஒரு சொல். அவள் வாயில் ஒன்றுமில்லை. முகத்திலே தோன்றிய சிறு வேறுபாடு வளர்த்த கண்ணுக்கே புலனாயிற்று.

பெண்ணின் கடன் சமைத்தலே என்று மாணாக்கர் இதனைச் சுருக்கிக் கொள்ளாதவாறு காத்தல் நம் பொறுப்பு. ஆண்பிள்ளைகளுக்கும் இதிற் பாடமுண்டு. உண்டவன் அவ்வொரு சொல்லைச் சொல்லாது எழுந்திருப்பின் அம்மலர்ச்சி ஏது?

இதனோடு போதனார் பாடிய நற்றிணை 110 ஆம் செய்யுளையும் சேர்த்துக் கற்பிக்க. பொற்கலத்துத் தேன்கலந்த பாலை உண்ணமறுத்து ஓடிய சிறுமி, கணவன்குடி வறுமையுற்ற காலத்துத் தந்தையின் செல்வச்சோற்றை நினையாது, ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இத்துணை அறிவை எங்ஙனம் பெற்றாளென்று தாய் வியக்கின்றாள். முன்னையதில் இனிய சொல். பின்னையதில் இல்லாமையிலும் தளராத உறுதி. இரண்டையும் ஒருங்கு கற்ற மாணாக்கர், இல்வாழ்க்கையின் இன்பம் மணப்பந்தரின் ஆரவாரத்தோடு முடிவதன்றென்று தாமே தெளிவர்.