மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு வலம்

மயிலாப்பூருக்கு வருவோரில் பலர் 1906-இல் கட்டப்பட்ட, ஏறத்தாழ 120 அடி உயரமுள்ள கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, தரிசனம் முடித்துத் திரும்பிவிடுகின்றனர். கோயிலைச் சூழ்ந்துள்ள குடியிருப்போ அக்கோபுரத்திற்குச் சற்றும் குறையாத கவனத்திற்கு உரியது. திருவிழாக் காலத்தில் வெளியே எழுந்தருளும் உற்சவத் திருமேனி வலம் வரும் பாதையே மாட வீதி எனப்படுகிறது. சாமி புறப்பாட்டுக்கு இடம்விட்டு அமைந்த அவ்வீதிகளை நோக்கியே வீடுகள் வாசல் வைத்தன. ஆகவே இப்பகுதியைப் புறப்பாட்டின் திசையிலேயே, கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என நடந்து காண்பதே முறை.

பக்கிங்காம் கால்வாயின் மேல் செல்லும் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால், கோயிலுக்குச் சிறிது தூர நடைதான். மெட்ரோ ரயில் பணிகளால் அருகிலுள்ள லஸ் பகுதியில் பாதைகள் அடிக்கடி மாற்றப்படுவதால், சொந்த வண்டியில் வருவதைத் தவிர்ப்பது நலம். மார்கழி முதல் மாசி வரை நடப்பதற்கு ஏற்ற பருவம். சித்திரை, வைகாசியில் வருவோர் காலை எட்டு மணிக்குள் சுற்றி முடித்துவிட வேண்டும். கோயில் நடை நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிழக்கு மாட வீதியின் கற்பகாம்பாள் மெஸ்ஸில் சிற்றுண்டி முடித்துக்கொண்டு தெற்கு மாட வீதிக்குத் திரும்பினால், கீரைக்கட்டும் வாழைப்பூவும் குவித்த காய்கறிக் கடைகள் எதிர்ப்படும். மேற்கே இராமகிருஷ்ண மடம் சாலையை ஒட்டித் தெப்பக்குளம் விரிகிறது. குளத்து மீன்களுக்குப் பொரி தூவுவோரை அங்குக் காணலாம். குளக்கரையில் நிற்கும் இன்றைய கோயில், கடலோரத்தில் இருந்த பழைய கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தபின் இங்குப் புதிதாக எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வடக்கு மாட வீதியில் பூசைப் பொருள்களும், நாட்டியத்திற்கான ராக்கொடி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை முதலிய தலையணிகளும் விற்கப்படுகின்றன. நவராத்திரிக்கு முன் நடைபாதை முழுதும் கொலு பொம்மைகள் பரப்பப்படும். மார்கழி விடியலில் இவ்வீதிகளில் பாடிச் செல்லும் பஜனையை வாக்கேயக்காரர் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்தினார் என்பதைச் சங்கீத அன்பர்கள் அறிவர்.

நான்கு வீதிகளோடு நின்றுவிடலாகாது. தென்கிழக்கே, கேசவப் பெருமாள் கோயிலுக்கு உரிய சித்திரக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும், மத்தள நாராயணன் தெரு, பொன்னம்பல வாத்தியார் தெரு போன்ற குறுகிய தெருக்களிலும்தான் பழைய வீட்டமைப்பை ஓரளவேனும் காண முடியும். வாசலில் திண்ணை, அதைக் கடந்தால் ரேழி எனப்படும் இடைகழி, அதற்கப்பால் வானம் திறந்த முற்றமும் அதை ஒட்டிய கூடமும் என ஒரே நேர்கோட்டில் அமைந்த இவ்வீடுகள், முகப்பில் ஒடுங்கியும் உள்ளே நீண்டும் இருக்கும். மேல்தளத்திற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்: நெருக்கமாக அடுக்கிய தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வரிசையில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த இத்தளம், வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. சிவப்புக் காவி மெழுகிய திண்ணையின் விளிம்பு, தலைமுறைகள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் மட்டும் மழுங்கிப் பளபளப்பதை நின்று கவனிக்க வேண்டும். அருகிலேயே பழைய வீட்டை இடித்து எழுப்பிய நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கும். ஆண்டுதோறும் இத்தகைய வீடுகள் குறைந்துவருவதால், பார்க்க விரும்புவோர் காலம் தாழ்த்தாமல் வருவதே நல்லது.

இவை காட்சிக்கூடங்கள் அல்ல, மக்கள் குடியிருக்கும் வீடுகள். கதவு திறந்திருந்தாலும் அழைக்காமல் உள்ளே நுழைவதும், வீட்டாரைக் கேளாமல் படம் எடுப்பதும் முறையன்று. அதிகாலையில் இட்ட அரிசிமாவுக் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடக்க வேண்டும். மாலையில் பொன்னம்பல வாத்தியார் தெருவின் ஜன்னல் கடையில், பெயருக்கேற்ப ஜன்னல் வழியே நீட்டப்படும் பஜ்ஜியை வாங்கி நின்றபடியே உண்ணலாம்.

ஒரே ஒரு நாள்தான் வரமுடியும் என்போர், பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று பிற்பகலில் அறுபத்து மூவர், அதாவது அறுபத்து மூன்று நாயன்மார்களின் திருவுருவங்கள், பல்லக்குகளில் ஏறிக் கபாலீசுவரருடன் மாட வீதிகளை வலம் வருவர். கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால் குழந்தைகளோடு வருவோர் முன்கூட்டியே ஓரிடம் பிடித்துக்கொள்வது நல்லது. நீர்மோர்ப் பந்தல்கள் வழியெங்கும் இருப்பதால் தாகத்திற்குக் குறைவில்லை. பல்லக்குகள் நெருங்கும்போது, திண்ணை போய்விட்ட அடுக்குமாடி வீட்டாரும் கீழே இறங்கி வந்து, தட்டில் தேங்காயும் பழமும் ஏந்தி வாயிற்கதவின் முன் நிற்பதைக் காணலாம்.